சொந்த இரத்தத்தின் தட்டணுக்களால் தோலைப் புதுப்பிக்க முடியுமா? பி.ஆர்.பி. சிகிச்சை குறித்து ஓர் எளிய விளக்கம்

ஒருவருடைய கையிலிருந்து சிறிதளவு இரத்தத்தை எடுத்து, அதிலுள்ள தட்டணுக்களைச் செறிவாகப் பிரித்து, அந்தத் திரவத்தை அவருடைய முகத்தோலுக்குள்ளேயே ஊசியால் திரும்பச் செலுத்துவதைத்தான் பி.ஆர்.பி. சிகிச்சை என்கிறார்கள். தட்டணுக்கள் மிகுந்த பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் நீர்மப் பகுதி, என்பதே அந்த மூன்றெழுத்தின் பொருள். மூட்டு வலிக்கும் முடி உதிர்வுக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்றாலும், வயது ஏறுவதால் சுருங்கி மெலிந்துபோகும் தோலைச் சீராக்குவதற்காக இதை நாடிவருவோரின் எண்ணிக்கை கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மிகவும் கூடியிருக்கிறது.

வெளியிலிருந்து எந்த மருந்தும் உடலுக்குள் போவதில்லை என்பதால், இயற்கையானது, பக்கவிளைவே இல்லாதது என்ற பேச்சு இதற்கு எளிதில் கிடைத்துவிடுகிறது. அந்தப் பேச்சை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் தெளிவாகத் தெரிகின்றன. இதன் பின்னாலுள்ள உயிரியல் கற்பனையன்று. காயம் ஆறும் விதத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து அறிந்ததிலிருந்து பிறந்தது. ஆனால் பி.ஆர்.பி. என்ற ஒரே பெயரில் ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒவ்வொரு விதமான திரவம் தயாராகிறது. பலன் குறித்துக் காதில் விழும் முரண்பட்ட செய்திகளில் பெரும்பகுதிக்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன்.

தட்டணுக்களுக்குள் என்ன இருக்கிறது?

டெங்குக் காய்ச்சலின்போது எண்ணிக்கை இறங்கிவிட்டது என்று எல்லோரும் பதறும் பிளேட்லெட்டுகளே இந்தத் தட்டணுக்கள். ஆரோக்கியமான ஒருவரின் இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ 1,50,000 முதல் 4,50,000 வரை இவை இருக்கும். இவற்றை முழுமையான செல்கள் என்று சொல்ல முடியாது. எலும்பு மஜ்ஜையில் மெகாகேரியோசைட் என்னும் மிகப் பெரிய செல்கள் இருக்கின்றன. அவற்றின் உடலிலிருந்து பிய்ந்து இரத்தத்தில் கலக்கும் துணுக்குகளே தட்டணுக்கள். குறுக்களவு 2 முதல் 3 மைக்ரான்தான். உட்கரு கிடையாது. ஏழு முதல் பத்து நாள் வரை இரத்தத்தில் சுற்றிவிட்டு அழிந்துபோகின்றன.

இரத்தக் குழாய் எங்காவது அறுபட்டால், அறுந்த சுவரில் இவை போய் ஒட்டிக்கொண்டு, ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து அடைப்பை உண்டாக்கும் என்பதை 1882ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் ஜூலியோ பிட்சோசெரோ விளக்கிவிட்டார். அதன் பிறகு நெடுங்காலம், இரத்தப்போக்கை நிறுத்துவதோடு தட்டணுவின் வேலை முடிந்தது என்றே மருத்துவ உலகம் எண்ணியிருந்தது. 1974இல் அமெரிக்காவைச் சேர்ந்த ரஸ்ஸல் ராஸும் அவருடைய குழுவினரும் வேறொன்றைக் கவனித்தார்கள். தட்டணுக்கள் நீக்கப்பட்ட பிளாஸ்மாவிலிருந்து எடுத்த திரவத்தில் வளர்த்த தசைச் செல்கள் மந்தமாகக் கிடக்க, தட்டணுக்களிலிருந்து வெளிவந்த பொருள் சேர்ந்தவுடன் அவை பெருகத் தொடங்கின. அடைப்பதோடு நில்லாமல், பழுதுபார்க்க வரும்படி மற்ற செல்களுக்குச் செய்தி அனுப்பும் வேலையையும் தட்டணு செய்கிறது என்பது இவ்வாறு தெரியவந்தது.

அந்தச் செய்தி தட்டணுவுக்குள் ஆல்ஃபா துகள்கள் எனப்படும் நுண்பைகளில் அடைத்துவைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தட்டணுவிலும் இத்தகைய பைகள் சுமார் 50 முதல் 80 வரை உண்டு. தட்டணு தூண்டப்பட்டதும் இவை திறந்து, வளர்ச்சிக் காரணிகள் என்னும் புரதங்களை வெளியே கொட்டுகின்றன. தட்டணுவிலிருந்து பெறப்படும் வளர்ச்சிக் காரணி அருகிலுள்ள இணைப்புத் திசுச் செல்களைக் காயத்தை நோக்கி இழுத்துப் பெருகச் செய்கிறது, டி.ஜி.எஃப். பீட்டா என்னும் காரணி, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தின் உற்பத்தியைத் தூண்டுகிறது, வி.இ.ஜி.எஃப். புதிய நுண் இரத்தக் குழாய்கள் முளைக்க வழிசெய்கிறது. மேல்தோல் செல்கள் பெருகுவதற்கு உதவும் காரணியும் இவற்றோடு சேர்ந்தே வருகிறது. இவை செல்லுக்குள் நுழைந்து மரபணுவை மாற்றுவதில்லை. செல்லின் வெளிச்சவ்விலுள்ள ஏற்பிகளில் பொருந்தி, உள்ளே ஏற்கெனவே இருக்கும் திறனைத் தட்டி எழுப்புவதே இவற்றின் வேலை. எழுப்புவதற்கு அங்கே செயல்படக்கூடிய செல்கள் போதிய அளவில் இருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே மனத்தில் கொள்ளலாம்.

இயல்பான இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு தட்டணுக்களை ஒரே இடத்தில் வைத்தால் காயம் விரைவாக ஆறுமா என்ற கேள்வியை முதலில் தீவிரமாகக் கையில் எடுத்தவர்கள் அழகியல் மருத்துவர்கள் அல்லர், வாய் மற்றும் தாடை அறுவை மருத்துவர்களே. 1998இல் ராபர்ட் மார்க்ஸும் அவருடைய குழுவினரும் தாடை எலும்பில் பொருத்திய ஒட்டுகளோடு தட்டணுச் செறிவைச் சேர்த்தபோது எலும்பு விரைவாகவும் அடர்த்தியாகவும் உருவாவதைப் பதிவு செய்தார்கள். பின்னர் விளையாட்டு வீரர்களின் தசைநார்க் காயங்களுக்கும், ஆறாத புண்களுக்கும், இறுதியில் முகத்தோலுக்கும் இந்த முறை பரவியது. 2013இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நட்சத்திரம் கிம் கர்டாஷியன் இரத்தம் படிந்த தம் முகத்தைப் படமெடுத்து வெளியிட்டபோது, ‘வேம்பயர் ஃபேஷியல்’ (இரத்தக்காட்டேரி ஃபேஷியல்) என்ற பெயரில் உலகம் முழுவதும் இது அறிமுகமாகிவிட்டது. பெயரில் உள்ள பரபரப்பு சிகிச்சையில் இல்லை.

தோல் ஏன் முதுமை அடைகிறது?

கண்ணுக்குத் தெரியும் சுருக்கம் மேற்பரப்பில் இருந்தாலும் அதன் காரணம் அடியில் இருக்கிறது. மேல்தோல் முகத்தில் தாளைப் போல மெல்லியது. அதற்குக் கீழேயுள்ள உள்தோலில்தான் கொலாஜன் நார்கள் பாய் பின்னியதுபோல் அடர்ந்து கிடந்து தோலுக்கு உறுதியைத் தருகின்றன. இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் தன்மையை எலாஸ்டின் நார்களும், நீரைப் பிடித்துவைத்துச் செழுமையைக் காக்கும் வேலையை ஹையலுரானிக் அமிலமும் பார்த்துக்கொள்கின்றன. இவை எல்லாவற்றையும் உற்பத்தி செய்வது உள்தோலில் ஆங்காங்கே பரவியிருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் செல்கள். வயது ஏற ஏற அவற்றின் எண்ணிக்கையும் சுறுசுறுப்பும் குறைகின்றன. இளமைப் பருவம் கடந்தபின் தோலின் கொலாஜன் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் குறைந்துவருவதாகக் கணக்கிடுகிறார்கள். பெண்களுக்கு மாதவிடாய் நின்றதை அடுத்த சில ஆண்டுகளில் இந்த இழப்பு வேகமெடுக்கிறது.

இதோடு வெயிலும் சேர்ந்துகொள்கிறது. புற ஊதாக் கதிர் தோலில் படும்போது, கொலாஜனை வெட்டும் நொதிகளைச் செல்கள் அதிகமாகச் சுரக்கின்றன. வெட்டுப்பட்ட நார்கள் முழுமையாக அகற்றப்படாமல் துண்டுகளாகத் தங்கிவிடுகின்றன. ஃபைப்ரோபிளாஸ்டுகள் வேலை செய்ய வேண்டுமானால் இழுவிசையோடு கூடிய நார்களில் ஒட்டிப் படர்ந்திருக்க வேண்டும். பிடிமானம் தளர்ந்ததும் அவை சுருங்கிக்கொண்டு, கொலாஜனை உண்டாக்குவதைக் குறைத்து, அதை வெட்டும் நொதியைக் கூட்டிவிடுகின்றன. அப்படிச் சிதைவு மேலும் சிதைவை வளர்க்கிறது. எப்போதும் ஆடைக்குள் மறைந்திருக்கும் மேற்கையின் உட்புறத் தோலையும் அதே மனிதரின் முகத்தோலையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முதுமை என்று நாம் நினைப்பதில் எவ்வளவு வெயிலின் கைவரிசை என்பது புரியும்.

காயமே இல்லாத தோலில் காயம் பட்டதற்கான செய்தியை மட்டும் அனுப்பினால், சோர்ந்து கிடக்கும் ஃபைப்ரோபிளாஸ்டுகள் மீண்டும் கொலாஜனை உண்டாக்கத் தொடங்கும் என்பதே பி.ஆர்.பி. சிகிச்சையின் அடிப்படை எதிர்பார்ப்பு. ஆய்வகத்தில் வளர்த்த மனித ஃபைப்ரோபிளாஸ்டுகளில் தட்டணுச் செறிவைச் சேர்த்தபோது அவை பெருகியதும் கொலாஜன் உற்பத்தி கூடியதும் பலமுறை காட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் செறிவு கூடக் கூடப் பலனும் கூடிக்கொண்டே போவதில்லை. ஓர் அளவைத் தாண்டினால் செல்களின் பெருக்கம் குறைவதையும் இதே ஆய்வகச் சோதனைகள் காட்டின. ‘எங்களிடம் பத்து மடங்கு செறிவு’ என்ற விளம்பரத்தை இதை நினைவில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

குழாயில் நடப்பது

முகத்துக்கான சிகிச்சைக்குப் பொதுவாக 10 முதல் 20 மில்லிலிட்டர் இரத்தம் போதும். சில கருவிகளுக்கு 60 மில்லிலிட்டர் வரை தேவைப்படலாம். முழங்கை மடிப்பிலுள்ள சிரையிலிருந்து, வழக்கமான இரத்தப் பரிசோதனைக்கு எடுப்பதைப் போலவே எடுக்கிறார்கள். குழாயின் அடியில் முன்கூட்டியே சிட்ரேட் கலந்த திரவம் சிறிதளவு இருக்கும். இரத்தம் உறைவதற்குக் கால்சியம் இன்றியமையாதது. அந்தக் கால்சியத்தை சிட்ரேட் பிடித்துவைத்துக்கொள்வதால் இரத்தம் நீர்ம நிலையிலேயே இருக்கிறது. பரிசோதனைக் கூடங்களில் இரத்த அணுக்களை எண்ணுவதற்குப் பயன்படும் ஊதா மூடிக் குழாய் இதற்கு ஏற்றதன்று, ஏனெனில் அதிலுள்ள ஈ.டி.டி.ஏ. என்னும் வேதிப்பொருள் தட்டணுக்களின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது. ஊசி குத்தி ஒரே இழுப்பில் சீராக இரத்தம் வராமல் தடுமாறினாலும் தட்டணுக்கள் வழியிலேயே தூண்டப்பட்டுத் தம் கையிருப்பைக் கொட்டிவிடக்கூடும்.

அடுத்து, குழாய் சென்ட்ரிஃபியூஜ் கருவியில் வைக்கப்பட்டு வேகமாகச் சுழற்றப்படுகிறது. சில நிமிடம் கழித்து வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், ஒரே சிவப்பாக இருந்த இரத்தம் அடுக்கடுக்காகப் பிரிந்திருப்பதைப் பார்க்கலாம். கனமான சிவப்பணுக்கள் அடியில் கருஞ்சிவப்பாகப் படிந்திருக்கும். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த பிளாஸ்மா நிற்கும். இரண்டுக்கும் நடுவே, கவனித்துப் பார்த்தால் மட்டும் தெரியும் அளவுக்கு மெல்லிய வெண்மையான படலம் இருக்கும். வெள்ளையணுக்களும் தட்டணுக்களில் ஒரு பகுதியும் அங்கே தங்குகின்றன. பிளாஸ்மா இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன என்று பொருள். பால்போல் கலங்கியிருந்தால் பெரும்பாலும் சற்று முன் உண்ட கொழுப்பு மிகுந்த உணவு காரணமாக இருக்கும்.

இங்கேதான் வழிகள் பிரிகின்றன. நடுவில் பசை போன்ற தடுப்பு வைத்த குழாய்களை ஒருமுறை சுழற்றினால் சிவப்பணுக்கள் தடுப்புக்குக் கீழே அகப்பட்டு, பிளாஸ்மாவும் தட்டணுக்களும் மேலே நிற்கும். வேலை எளிது, ஆனால் செறிவு இயல்பைவிட ஒன்றரை முதல் மூன்று மடங்குக்கு மேல் போவது அரிது. இரட்டைச் சுழற்சி முறையில், முதலில் மெதுவாகச் சுழற்றி, சிவப்பணுக்களை விட்டுவிட்டுத் தட்டணுக்கள் மிதக்கும் பிளாஸ்மாவை மட்டும் வேறு குழாய்க்கு மாற்றி, அதை இன்னும் வேகமாகச் சுழற்றுகிறார்கள். அப்போது தட்டணுக்கள் அடியில் சிறு வெண்படிவாக இறங்கிவிடும். மேலேயுள்ள தட்டணு குறைந்த பிளாஸ்மாவின் பெரும்பகுதியை அகற்றி, மீதியில் அந்தப் படிவை மெல்லக் கலக்கினால் நான்கைந்து மடங்கு செறிவுள்ள திரவம் கிடைக்கிறது. எலும்பு சார்ந்த சிகிச்சைக்கு மைக்ரோலிட்டருக்குப் பத்து லட்சம் தட்டணுக்கள் என்ற இலக்கை மார்க்ஸ் 2001இல் முன்வைத்தார். தோலுக்கும் அதே எண் பொருந்துமா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

சுழற்சியின் வேகத்தை ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று, என்ற எண்ணில் மட்டும் குறிப்பிடும் வழக்கமும் குழப்பத்துக்கு ஒரு காரணம். சுழலும் பகுதியின் ஆரம் மாறினால், அதே ஆர்.பி.எம். வேறு விசையைத் தரும். ஒரு கருவிக்கு எழுதிய செய்முறையை இன்னொரு கருவியில் அப்படியே பின்பற்றினால் தட்டணுக்கள் சிவப்பணுக்களோடு சேர்ந்து அடியில் போய்விடலாம்; நோயாளிக்குக் கிடைப்பது ஏறக்குறைய வெறும் பிளாஸ்மாவாக இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒரே மஞ்சள்தான். தயாரித்த திரவத்தில் சில துளிகளை எடுத்துத் தட்டணுக்களை எண்ணிப் பார்த்தாலொழிய வேறுபாடு தெரியாது. அப்படி எண்ணிப் பார்க்கும் இடங்கள் குறைவு.

வெள்ளையணுக்களைச் சேர்ப்பதா, விலக்குவதா என்பது அடுத்த வழக்கு. கிருமிகளை எதிர்க்க அவை உதவும் என்பது ஒரு தரப்பு. அவற்றில் ஒரு வகையான நியூட்ரோஃபில்கள் திசுவைச் சிதைக்கும் நொதிகளைச் சுரந்து அழற்சியைக் கூட்டும் என்பதால், அழகுக்காகத் தோலில் செலுத்தும்போது தவிர்ப்பதே நல்லது என்பது மறுதரப்பு. முகத்தைப் பொறுத்தவரை எனக்கு இரண்டாவது தரப்பின் வாதமே பொருத்தமாகத் தோன்றுகிறது, ஏனெனில் அங்கே ஆற வேண்டிய அழுக்குப் புண் எதுவும் இல்லை. தட்டணுக்களைச் செலுத்துவதற்கு முன்பே கால்சியம் குளோரைடு சேர்த்துத் தூண்டிவிடுவதா, தோலிலுள்ள கொலாஜனே அவற்றைத் தூண்டட்டும் என்று விட்டுவிடுவதா என்பதிலும் இரு பழக்கங்கள் உண்டு. தூண்டப்பட்ட தட்டணுக்கள் தம்மிடமுள்ள வளர்ச்சிக் காரணிகளில் பெரும்பகுதியை முதல் ஒரு மணி நேரத்துக்குள் வெளியிட்டுவிடும் என்பதால், முன்கூட்டித் தூண்டினால் தாமதம் கூடாது. பி.ஆர்.எஃப். (தட்டணுக்கள் மிகுந்த ஃபைப்ரின்) என்ற பெயரில் சொல்லப்படுவது இதன் உறவுமுறை. பிரான்ஸைச் சேர்ந்த ஜோசஃப் ஷூக்ரூன் 2001இல் அறிமுகப்படுத்திய அந்த முறையில் உறைவுத் தடுப்பான் எதுவும் சேர்ப்பதில்லை, இரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் நார்களின் வலையில் சிக்கிய தட்டணுக்கள் தம் சரக்கைச் சில நாட்களாகச் சிறுகச் சிறுக விடுவிக்கின்றன.

தோலுக்குள் செலுத்துதல்

முகத்தைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்தபின், மரத்துப்போகச் செய்யும் களிம்பைத் தடவி அரைமணி நேரம் போல விடுகிறார்கள். பிறகு மிக நுண்ணிய ஊசியால், ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில், ஒவ்வோர் இடத்திலும் ஓரிரு துளிகளை உள்தோலில் செலுத்துகிறார்கள். சரியான ஆழத்தில் விழுந்தால் அந்த இடம் கொசு கடித்ததுபோல் வெளிறித் தடித்து, சில மணி நேரத்தில் தணிந்துவிடும். தடிப்பே தெரியாவிட்டால் திரவம் கொழுப்பு அடுக்குக்கு இறங்கிவிட்டது எனலாம். களிம்பு போட்டிருந்தாலும் மேலுதட்டுப் பகுதியிலும் கண்ணோரத்திலும் சுருக்கென்று வலிக்கும்.

மற்றொரு வழி, நுண்ணூசிகள் பொருத்திய கருவியால் தோலில் ஆயிரக்கணக்கான சிறு துளைகளை இட்டு, திரவத்தை மேலே பரப்பி உள்ளே இறங்கவிடுவது. வேம்பயர் ஃபேஷியல் என்ற பெயர் இப்போது பெரும்பாலும் இதையே குறிக்கிறது. துளையிடுவதே ஒரு சிறு காயம். அதுவே கொலாஜனைத் தூண்டும். ஆகவே இதில் கிடைக்கும் பலனில் பி.ஆர்.பி.யின் பங்கு எவ்வளவு, ஊசியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. தோலை நுண்புள்ளிகளாகச் சுட்டுப் புதுப்பிக்கும் லேசர் சிகிச்சைக்குப் பிறகு தடவும்போது, சிவப்பும் வீக்கமும் விரைவில் தணிகின்றன என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. உண்மையான காயம் ஆற வேண்டியிருக்கும் இடத்தில் தட்டணுக்களின் உதவி தெளிவாகத் தெரிவதில் வியப்பில்லை.

ஒரே அமர்வோடு நிறுத்துவது வழக்கமன்று. சுமார் நான்கு வார இடைவெளியில் மூன்று அமர்வுகள் என்பது பரவலான முறை. அதன்பின் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒருமுறை பராமரிப்பு அமர்வு. புதிய கொலாஜன் உருவாகி முதிர்வதற்கு வாரங்கள் பிடிக்கும். மறுநாளே கண்ணாடியில் தெரியும் பொலிவு உண்மையில் ஊசியால் உண்டான வீக்கம்தான். அது வடிந்ததும் ஏமாற்றம் அடைவோர் உண்டு.

பலன் எவ்வளவு?

2018இல் ‘ஜாமா டெர்மட்டாலஜி’ என்னும் தோல் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் கற்றுத்தந்தது. வெயிலால் முதுமையடைந்த முகத்தோல் உள்ளவர்களுக்கு ஒரு கன்னத்தில் பி.ஆர்.பி.யும் மறு கன்னத்தில் வெறும் உப்புநீரும் செலுத்தப்பட்டன. எந்தப் பக்கம் எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடும் தோல் மருத்துவருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து மருத்துவர்களின் கண்ணுக்கு இரு கன்னங்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. ஆனால் நோயாளிகளோ, தோலின் மென்மையிலும் சுருக்கத்திலும் பி.ஆர்.பி. செலுத்திய பக்கமே நன்றாக இருப்பதாக மதிப்பிட்டார்கள். எந்தப் பக்கம் என்று அறியாமலே அவர்கள் சொன்னதால் அதை வெறும் மனமயக்கம் என்று தள்ளிவிட முடியாது. தொட்டு உணரும் மென்மை புகைப்படத்தில் வராமலும் போகலாம். அதேவேளை, பத்து வயது குறைந்ததுபோல் முகம் மாறும் என்பதற்கும் அந்த ஆய்வில் இடமில்லை. அது சிறிய ஆய்வு, ஒரே ஓர் அமர்வு மட்டுமே நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல அமர்வுகள் கொண்ட வேறு ஆய்வுகளில் தோலின் தடிமன், மென்மை, நுண்சுருக்கங்கள் ஆகியவற்றில் மிதமான முன்னேற்றம் பதிவாகியிருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றிலும் திரவம் தயாரித்த விதம் வேறு, அளந்த விதமும் வேறு.

நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது தோலின் தரத்தில் சிறு மேம்பாடு. நெற்றியைச் சுருக்கும்போது விழும் கோடுகள் தசையின் அசைவால் வருபவை. அவற்றுக்கு போட்டுலினம் ஊசியே பொருந்தும். கன்னத்தில் கொழுப்பு கரைந்து உண்டான பள்ளத்தை நிரப்பிகள் நிரப்பலாம். சில மில்லிலிட்டர் பிளாஸ்மா ஓரிரு நாளில் உறிஞ்சப்பட்டுவிடும். தாடையோரம் தொங்கிய தோலை இது தூக்கி நிறுத்தாது. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பவர்களுக்கு, ஃபைப்ரோபிளாஸ்டுகள் இன்னும் ஓரளவு சுறுசுறுப்பாக இருப்பதால், வாய்ப்பு கூடுதல் என்பது பல மருத்துவர்களின் அனுபவம்.

செலவழிக்கும் முன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இரண்டு எளிய பொருள்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் நாம்பூர் நகரில் 900க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்கு நான்கரை ஆண்டுகளில் தோலின் முதுமை மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. மருத்துவர் சீட்டோடு வாங்கும் ட்ரெட்டினாயின் களிம்பு நுண்சுருக்கங்களைக் குறைப்பது 1980களிலிருந்து தொடர்ந்து நிறுவப்பட்டிருக்கிறது. இந்த இரண்டையும் தொடாதவர் நேராக பி.ஆர்.பி.க்குப் போவது, என் பார்வையில், வரிசை தவறிய செயல்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

ஊசி போட்ட இடத்தில் வலி, சிவப்பு, வீக்கம், கன்றிய தடம் ஆகியவை பெரும்பாலோருக்கு வரும். சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் மறையும். சொந்த இரத்தம் என்பதால் ஒவ்வாமை அரிது. ஆனால் சொந்த இரத்தம் என்பது திரும்பி வருவது உண்மையிலேயே உங்களுடையதாக இருந்தால் மட்டுமே பொருந்தும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், உரிமம் இல்லாமல் இயங்கிய ஓர் அழகு நிலையத்தில் பி.ஆர்.பி. ஃபேஷியல் செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது 2018இல் வெளிப்பட்டு, 2024இல் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் விரிவான அறிக்கை வெளியிட்டது. பெயர் ஒட்டாத இரத்தக் குழாய்கள் சமையலறைக் குளிர்பெட்டியில் உணவோடு வைக்கப்பட்டிருந்ததையும், ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய ஊசிகள் மீண்டும் பயன்பட்டதையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். பிழை தட்டணுவில் இல்லை. குழாயில் பெயரை எழுதாமல் விட்டதிலும் ஊசியை மாற்றாததிலும் இருந்தது. உங்கள் கண்முன்னே குழாயில் உங்கள் பெயர் எழுதப்படுவதையும், ஊசி உறை பிரிக்கப்படுவதையும் பார்த்துக்கொள்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று மிக அரிதானது, ஆனால் மீள முடியாதது. கண்ணைச் சுற்றியும் புருவங்களுக்கு இடையிலும் செலுத்தும்போது திரவம் தவறுதலாகத் தமனிக்குள் புகுந்து, விழித்திரைக்குச் செல்லும் இரத்தத்தை அடைத்து, பார்வை நிலையாகப் பறிபோன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. முகத்தின் இரத்தக் குழாய்களின் போக்கை நன்கறிந்த தோல் மருத்துவரோ அறுவை மருத்துவரோ மட்டுமே இதைச் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

தட்டணு எண்ணிக்கை குறைந்தவர்கள், தட்டணுக்களின் செயல்பாட்டில் குறையுள்ளவர்கள், இரத்தப் புற்றுநோய் உள்ளிட்ட புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், உடலிலோ முகத்திலோ தொற்று இருப்பவர்கள் ஆகியோருக்கு இது ஏற்றதன்று. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்கும் தவிர்த்துவிடுகிறார்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆஸ்பிரின் தட்டணுவிலுள்ள ஒரு நொதியை நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. உட்கரு இல்லாததால் தட்டணு அந்த நொதியைப் புதிதாக உண்டாக்கிக்கொள்ள முடியாது, புதிய தட்டணுக்கள் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். சிகிச்சைக்கு ஒரு வாரத்துக்கு முன்பே வலி மாத்திரைகளை நிறுத்தச் சொல்வதன் காரணம் இதுவே. இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுப்பவர் முகப் பொலிவுக்காக அதைத் தாமாக நிறுத்தவே கூடாது.

சிகிச்சைக்குப் போகும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. ஒருமுறை சுழற்றுகிறீர்களா, இருமுறையா; என் இரத்தத்தின் தட்டணு எண்ணிக்கை என்ன, தயாரித்த திரவத்தில் எவ்வளவு; வெள்ளையணுக்கள் நீக்கப்படுகின்றனவா; ஊசி போடப்போவது யார்? பதில் தெளிவாக வந்தால் முதல் அமர்வுக்கு முன் ஒப்பனை எதுவும் இல்லாமல், ஜன்னலோர வெளிச்சம் மாறுபடும் என்பதால் ஒரே விளக்கின் கீழ், நேராகவும் இரு பக்கவாட்டிலும் புகைப்படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கடைசி அமர்வு முடிந்து மூன்று மாதம் கழித்து அதே விளக்கில், அதே கோணத்தில் மீண்டும் எடுத்து, எது முந்தையது என்று சொல்லாமல் இரண்டையும் வேறொருவரிடம் காட்டிக் கேளுங்கள். அவருக்கு வேறுபாடு தெரியாமல், தடவிப் பார்க்கும்போது உங்களுக்கும் மாற்றம் எதுவும் தோன்றாமல் இருந்தால், பராமரிப்பு அமர்வுகளுக்குப் பணம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை.